வேன் கதவில் சொன்ன இடியங்கள்

பத்தாவதோடு நின்றவள் நான். இங்கிலீஷைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால் எழுதித்தான் சொல்ல முடிகிறது. பள்ளி வேனில் ஆயா வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவலாம்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளி வேனில் ஆயாவாக இருந்தேன். பிள்ளைகளை ஏற்றி இறக்குவதோடு தாளாளர் இன்னொரு வேலையும் கொடுத்தார். தினம் ஓர் இடியம், அதாவது இங்கிலீஷ் மரபுத்தொடர். பிள்ளை அதையும் அதன் பொருளையும் சொன்னால்தான் வேனில் ஏற்ற வேண்டும். பெற்றோர் காதில் விழவும் வேண்டும். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் ரொம்பச் சுலபம். ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் கொட்டும் மழை. பேகம்பூர் வெயிலில் எல்.கே.ஜி. பிள்ளைகள் வியர்வை வழிய நின்று கொட்டும் மழையை ஒப்பிக்கும். பெற்றோருக்கு ஒரே பூரிப்பு. அவர்களில் ஒருவர்கூட வேன் கதவை ஆட்டிப் பார்த்ததில்லை.

அந்தக் கதவு பூட்டாது. பள்ளத்தில் இறங்கினால் தானாகத் திறக்கும். நைலான் கயிற்றால் கட்டிப் பிடித்தபடியே வருவேன். டிரைவர் ஆரோக்கியம் அண்ணன் தாளாளரிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். நானும் போய்க் கேட்டேன். அவர் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை.

“வீ வில் கிராஸ் தட் பிரிட்ஜ் வென் வீ கம் டு இட். பிரச்சனை வரும்போது பாத்துக்கலாம்னு அர்த்தம். நாளைக்கு இதையே புள்ளைகளுக்குச் சொல்லிக் குடும்மா.”

லாக் வாங்கினால் செலவு. இடியம் சும்மா கிடைக்கும்.

அந்த வாரமே சின்னாளப்பட்டி ரோட்டில் வேகத்தடை ஒன்றில் கயிறு அறுந்தது. ஒரு யு.கே.ஜி. பிள்ளையைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பை மட்டும் ரோட்டில் விழுந்தது. அண்ணன் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தாளாளரிடம் சொன்னதற்கு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் அவர் மைக்கில் பெருமையடித்தார்.

“எங்க ஸ்கூல்ல ஆயாவுக்கும் இடியம் தெரியும். வாம்மா, ஒண்ணு சொல்லு.”

மைக்கை வாங்கிக்கொண்டேன். அந்த ‘பிரிட்ஜ்’ இடியத்தையே சொன்னேன். அர்த்தம் கேட்டார்.

“வேன் கதவு பூட்டலைன்னு சொன்னேன் சார். புள்ள விழும்போது பாத்துக்கலாம்னு நீங்க சொல்லிக் குடுத்தது.”

ஓர் அம்மா எழுந்து, எந்த வேன் என்று கேட்டார்.

நான் கற்றது இதுதான்: ரிப்பேரைப் பற்றிக் கேட்டு அழகான இங்கிலீஷில் பதில் வந்தால், ரிப்பேர் நடக்காது.

மறுநாள் கதவுக்குப் புது லாக் போட்டிருந்தது. வேனில் வேறு ஆயா இருந்தார்.