மக்கிய பின்பலகை

பட்டாசு ஆலையில் பதினாறு வருஷம் மருந்து செலுத்திய கை சங்கிலிமுத்துவுக்கு. இரும்பை ஓங்கித் தட்டினால் பொறி பறக்கும். பொறி பறந்தால் ஆளே இல்லை. வேலையை விட்டுச் சூலக்கரைப் பக்கம் பைபர் பட்டறை போட்ட பிறகும் அந்தப் பயம் கையை விடவில்லை. தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு என்று பிழைப்பு ஓடியது.

2005 மழையில் நாரணாபுரம் பக்கத்துக் கண்மாய் நிறைந்தது. மீன் குத்தகைக்காரர் யோபு, தூத்துக்குடியிலிருந்து பழைய பைபர் படகு ஒன்றை லாரியில் ஏற்றிவந்தார். "பின்பலகை தாங்குமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று சங்கிலிமுத்துவை அழைத்தார். எஞ்சின் தொங்குவது அந்தப் பலகையில்தான். வெளியே பைபர், உள்ளே மரம். சுத்தியலால் தட்டினால் 'டங்'கென்பது நல்ல மரம், 'தொப்'பென்பது மக்கியது. சங்கிலிமுத்து விரல் முட்டியால், தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோலத் தட்டினார்.

படகோட்டி சுடலை சிரித்தான். "உள்ள என்ன சரவெடியா இருக்கு? நல்லாத் தட்டுங்கண்ணே!"

"எனக்குத் தெரியும்லே. பலகை கல்லு மாதிரி இருக்கு."

மூன்றாம் வாரம் நடுக்கண்மாயில் பலகை பிய்ந்து, எஞ்சின் தண்ணீருக்குள் போயிற்று. சுடலை நீந்திக் கரையேறினான். கூடிநின்ற ஊருக்கு முன்னால் யோபு கத்தினார். "ஏலே, எந்தப் பாறையில கொண்டு மோதுன? பலகை கல்லு மாதிரி இருக்குன்னு இவரு சொன்னாருல்ல! இனி படகுல கால வச்சுப் பாரு!"

எல்லோரும் சங்கிலிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் விடியலில் தனியாகப் போய், கரைக்கு இழுத்துப் போட்டிருந்த படகில் பலகையின் உள்பக்கப் பைபரை அறுத்தார். மரம் ஊறிய புண்ணாக்குபோல் கையோடு வந்தது. பழைய போல்ட் ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. வருஷக்கணக்காக நீர் இறங்கியிருந்தது. சுடலை வருவதற்குள் அவ்வளவையும் வாரிக் கருவேலம் புதருக்குள் கொட்டினார். அந்த வேலையை மட்டும் அவர் கை பயப்படாமல் செய்தது.

தன்னால் வந்த நஷ்டம்தானே என்று, பழுதுபார்க்கும் வேலையில் கூலி வாங்காமல் சுடலை மூன்று நாள் கூடவே நின்றான். உட்புறம் வெயிலில் காய்ந்தது. புது பிளைவுட்டை அளந்து அறுத்தார்கள். மூன்றாம் நாள் சங்கிலிமுத்து, பலகையை ஒட்டும் ரெசின் பசையில் ஹார்டனரை ஊற்றிக் கலக்கினார். கால் மணி நேரத்தில் இறுகிவிடும்.

பலகையைத் தூக்கிப் பிடித்தபடி சுடலை சொன்னான்: "எதுலயும் மோதுன நெனப்பே இல்லண்ணே. ஆனா எல்லாரும் சொல்றாகளே, நாந்தான் கண்ணசந்துட்டேன் போல. எம் வீட்டுக்காரியும் 'நீ குடிச்சிருப்ப'ங்கா."

சங்கிலிமுத்துவின் கை நின்றது.

"ஏலே சுடலை, நீ எதுலயும் மோதல. மரம் மக்கிக் கெடந்துச்சு. நான் ஒழுங்காத் தட்டிப் பாக்கல. மக்குனதப் புதருக்குள்ள கொட்டுனதும் நாந்தான்."

கரையில் உட்கார்ந்திருந்த யோபு எழுந்துவிட்டார். "அம்புட்டுப் பேரு முன்னாடி தலைய ஆட்டுனீகளேய்யா!"

சங்கிலிமுத்துவால் நிமிர முடியவில்லை. சுடலை ரெண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் பலகையை மெல்லக் கீழே வைத்தான்.

"இத எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டா."

"வேலைய முடிச்சிட்டு..."

"இப்பவே வாங்க."

டப்பாவில் ரெசின் சூடேறி இறுகத் தொடங்கியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, விரல்களில் பிசுபிசுப்போடு, நாரணாபுரம் பாதையில் சுடலைக்குப் பின்னால் நடந்தார்.