அம்மாவின் பச்சை முகம்

பனிநாட்டு நகரமொன்றின் பார்க்டேல் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்ததுமே ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த நெடி மூக்கில் ஏறும். எதிர்வீட்டு ஸ்தோயான் அங்கிளின் "பெயின்ற் மணம்" என்போம். பல்கேரியாவில் ஓவியராக இருந்தவர், இங்கே வீடுகளுக்குச் சுவர்ப்பூச்சு அடித்துப் பிழைத்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வந்து சேர்ந்த எங்களோடு முதலில் பழகியவர் அவர்தான்.

ஒருநாள் அம்மாவை வரைய வேண்டும் என்று கேட்டார். ஹோட்டல் ஒன்றில் துணி துவைக்கும் வேலை பார்த்த அம்மா, ஞாயிறுகளில் நீலச் சேலை கட்டி அவர் வீட்டு ஜன்னலோரம் இருந்தா. மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். முடியும்வரை படத்தை அவர் காட்டவில்லை.

நூலக மண்டபத்தில் அதைக் காட்சிக்கு வைத்தபோது, அப்பா எங்களையும் தெரிந்த குடும்பங்களையும் பெருமையோடு கூட்டிப் போனார். படத்தில் அம்மாவின் முகம் பச்சை. ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியிருந்தது. கைகள் முகத்தைவிடப் பெரிதாக, சிவந்து வீங்கிக் கிடந்தன.

"உது ஆர், பேயோ?" என்றார் வந்தவர்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"உதைக் கழட்டச் சொல்லு, பிள்ளை," என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

சொன்னேன். ஸ்தோயான் அங்கிள் படத்தை இறக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னார்.

"அங்கையும் அதிகாரிகள் வந்து இவரின்ரை படங்களைக் கழட்டினவையாம். அதாலைதான் நாட்டை விட்டு ஓடி வந்தவராம்," என்றேன் அப்பாவிடம். தானும் ஓடி வந்தவரான அப்பா வாசல் பக்கம் நடந்தார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னா: "என்ரை கை உப்பிடித்தானே கிடக்குது. நீங்கள் பாக்கேல்லை. அந்த மனுசன் பாத்திருக்கு."

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்க அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஸ்தோயான் அங்கிள் கோப்பி தந்தார். சட்டகத்தில் பனி மூடிய பாலம் ஒன்றின் படம் ஈரம் காயாமல் இருந்தது. வரைய புதுத் துணி வாங்க வசதியில்லை, பழைய படத்தின் மேலேயே வரைந்துவிட்டேன் என்றார். "உன் அம்மா இதற்கு அடியில் இருக்கிறா." அதை நான் தமிழில் சொன்னபோது, அப்பா கோப்பிக் கோப்பையிலிருந்து தலை நிமிரவேயில்லை.

இப்போது ஸ்தோயான் அங்கிளும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தக் கட்டடத்தின் நடைகூடங்களில் எந்த மணமும் இல்லை. அந்தப் பாலப் படத்தை யாரோ வாங்கிப் போனார்களாம். இந்த நகரத்தில் எவர் வீட்டுச் சுவரிலோ அது தொங்கக்கூடும். அம்மாவை ஒருவர் உட்கார வைத்து, பார்த்து வரைந்தது அந்த ஒரு தடவைதான்.