வாசலில் இருந்தவளுக்கு ஒரு கிளாரினெட்

தேவன் அண்ணை போய்விட்டார்.

காலையில் மெட்ரோவில் நின்றுகொண்டே அண்ணியின் மெசேஜைப் பார்த்தேன். இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய், அங்கே ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. என்னைப்போல அகதி விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மற்ற நேரமெல்லாம் கிளாரினெட்.

யாழ்ப்பாணத்தில் ஸ்கூல் பேண்டில் பழகியதாம். கனடா வருமுன் சில வருடம் வேல்ஸில் இருந்தவர். அங்கே கேட்ட பழங்கதைகளுக்கு இசை எழுதுவார். தனிக் கிளாரினெட்டுக்கு மட்டும். பக்கத்தில் பியானோகூட இல்லை.

மதிய இடைவேளையில் கிளாரினெட்டின் ரீடை, அந்த நாணல் சீவாளியை, வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் எதைக் கேட்டாலும் "ம்ம்" தான் பதில்.

எங்கள் வேலையில் ஒரு விதி. சொல்பவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்லவேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. யாரோ பட்ட அடி, யாரோ கண்ட சாவு, எல்லாம் நாள் முழுக்க எங்கள் வாயில் "நான்"... வீட்டுக்குப் போனால் பிள்ளைகளோடு பேசவும் தெம்பிருக்காது.

ஒருநாள் ஒரு தாய். மகளை ஊரில் விட்டுவிட்டு ஓடி வந்தவர். பெற்ற பிள்ளையை எப்படி விட்டுவிட்டு வந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேள்வி. விசாரணை அதிகாரி நாலாவது முறையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னபோது, தேவன் அண்ணை அதை மொழிபெயர்க்கவில்லை.

"இவ களைச்சுப் போனா. கொஞ்சம் தண்ணி குடிக்க விடுங்கோ" என்று தன் சொந்தச் சொல்லாக இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த கேஸுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

வெட்கத்தோடுதான் அவருக்கு போன் எடுத்தேன்.

"நீர் போம் தங்கச்சி. ஆராவது அவவின்ர கதையை ஒழுங்காச் சொல்லத்தானே வேணும்."

போனேன்.

அந்த வின்டரில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சர்ச் ஹாலில் வாசித்தார். வெளியே பனி. வந்தவர்கள் பதினாலு பேர். குளிரில் கிளாரினெட்டின் மரம் வெடித்துவிடும் என்று அதைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தார்.

முதலில் அந்த இசைக்கான வேல்ஸ் கதையைச் சொன்னார். ஒரு அரசியின் பச்சைக்குழந்தை காணாமல் போகிறது. தாயே கொன்றுவிட்டாள் என்று தாதிகள் பழி போடுகிறார்கள். தண்டனையாக அவள் வருடக்கணக்கில் கோட்டை வாசலில் இருந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் தன் கதையைச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, உங்களை முதுகில் சுமந்து போகட்டுமா என்றும் கேட்கவேண்டும்.

பிறகு வாசித்தார். ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் மூச்சு கொஞ்சம் குறைவாக...

நான் விசாரணையிலிருந்து நேரே வந்திருந்தேன். முதல் வரிசையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"பரவாயில்லை. நீர் பகல் முழுக்கக் கேட்டதுதானே."

சிரிக்கவும் முடியவில்லை. பேச்சை மாற்ற, ஏன் ஒரு வாத்தியம் மட்டும் என்று கேட்டேன்.

"வாறவை எல்லாம் கேட்டிட்டுப் போயிடுவினம். சொல்லுறது அவள் ஒருத்திதானே."

"கடைசியில பிள்ளை கிடைக்குதோ?"

"கதையில கிடைக்குது. நான் இன்னும் அதை எழுதேல்லை."

மகளை ஊரில் விட்டு வந்த அந்தத் தாயின் கேஸ் பிறகு சரிவந்தது. மகளைக் கூப்பிடும் அலுவல்தான் இழுபட்டுக்கொண்டிருந்தது.

போன மாதம் ரொக்ஸ்பரோவில் அவர் வீட்டுக்குப் போனேன். நுரையீரல் கைவிட்டுவிட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஊத முடியாது, போர்வையின் மேல் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"அந்த மனுசியின்ர மகள் வந்திட்டாளோ?"

"ஓம் அண்ணை. வந்திட்டாள்."

பதினைந்து வருட மொழிபெயர்ப்பில் நான் கூட்டிச் சொன்ன முதல் சொல்.

"இப்ப எத்தினை வயசு?"

"பதின்மூண்டு."

"அப்ப இங்க பள்ளிக்கூடம் பிரெஞ்சிலதானே... பாவம் பிள்ளை." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அண்ணி ஓடிவந்து முதுகைத் தடவினார்.

அண்ணை, அந்தப் பிள்ளை இன்னும் வரவில்லை. பேப்பர்கள் எங்கேயோ கிடக்கின்றன.

போயிட்டு வாங்கோ.