எதிர்வீட்டுக்காரருக்கு ஓர் இரங்கல்

காலை ஐந்து மணிக்கு அந்த வீட்டின் சமையலறை மேசை பத்திரிகை அலுவலகமாக மாறும். ஏழு மணிக்கு மறுபடியும் சமையலறை மேசையாகிவிடும். இடையில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் நாடு திருந்தியாக வேண்டும்.

அந்தப் பாரத்தைப் பதினோரு வருடமாக ஒற்றை ஆளாகச் சுமந்துவந்தவருக்கு இணையத்தில் ‘அரம்’ என்று பெயர். அமைச்சர் சொன்னது என்ன, செய்தது என்ன, மூன்று வருடத்துக்கு முன் இதே வாயால் சொன்னது என்ன என்று பிடித்து வைத்து ராவித் தள்ளிவிடுவார். வாக்குறுதிகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஆளுங்கட்சிக்கே மறந்துபோனதெல்லாம் அதில் தேதிவாரியாக இருந்தது.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவு. லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்து இவரை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேரின் புலம்பலை, “சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று பொறுமையாகக் கேட்பார். சாயங்காலம் கிளம்பும்போது ஹெட்போனோடு சேர்த்துக் காதையும் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வந்துவிடுவார்.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பகலெல்லாம் வாயை மூட முடியாதவர்களோடு இருந்துவிட்டு, ராத்திரியில் காதைத் திறக்காதவரோடு குடித்தனம் நடத்த வேண்டியது அவள் தலையெழுத்து.

அரத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. பெரிய ஆசை இல்லை. பட்டம், பரிசு, மேடை எதுவும் வேண்டாம். தான் எழுதியதில் ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு, மனைவி தன் வாயால், “நல்லா இருக்குங்க” என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். பதினோரு வருடத்தில் ஆயிரத்து எழுநூறு பதிவுகள். அவளும் எல்லாவற்றையும் படித்தாள். நோயாளிகள் வராத நேரத்தில் போனில் படித்துவிட்டு வருவாள். வந்து சொல்வாள், “நாலாவது பத்தியில சொன்னதையே ஏழாவது பத்தியிலயும் சொல்லியிருக்கீங்க.” அவ்வளவுதான் விமரிசனம்.

இனி எதிர்வீட்டுக்காரரின் கதைக்கு வருவோம்.

முதல் மூன்று வருடம் அரத்தின் பதிவுகளுக்கு ஈ, காக்கைகூட வரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். பின்னூட்டம் என்று வந்தால் முடி வளரும் எண்ணெய்க்கு விளம்பரமாக இருக்கும். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் எத்தனை நாள் தனியாகச் சிலம்பம் சுற்றுவது? ஒரு நாள் காலையில் அரம் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். ‘எதிர்வீட்டுக்காரர்’ என்ற பெயரில் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, தன் பதிவைத் தானே கிழி கிழியென்று கிழித்தார்.

நாற்காலி மாறுவது முக்கியம். அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் அதே குரல்தான் வரும் என்று கண்டுபிடித்திருந்தார். அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு ஆள். அந்த ஆளுக்கு வயது அறுபத்தெட்டு. மனைவி இல்லை. ஒரு மகள் வெளியூரில். இடது முழங்காலில் வலி. ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய கை. நாலு வரிக்குமேல் எழுத மாட்டார், கோபப்பட மாட்டார். “தம்பி, பாலம் கட்டவில்லை என்கிறீர்கள், சரி. நேற்று அந்தப் பக்கம் போனீர்களா? நான் போனேன். பாலம் இல்லை என்பது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன ஆறும் இல்லையே” என்று எழுதுவார்.

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பது பேர் நானூறு ஆனார்கள், நானூறு மூவாயிரம் ஆனது. அரத்துக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச காலம் கழித்துத்தான் புரிந்தது, வருகிறவர்கள் பதிவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு நேரே கீழே இறங்கி எதிர்வீட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று. அவருக்குத் தனியாகக் கடிதங்கள் வரத் தொடங்கின. முழங்காலுக்குத் தைலம் சொன்னார்கள். மகள் வந்தாளா என்று விசாரித்தார்கள்.

கடிதம் எழுதியவர்களில் ‘ஜன்னலோரம்’ என்ற பெயரில் ஒரு பெண். “அண்ணா, என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் நான் பேசினால் காதில் வாங்குவதில்லை. சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?” என்று கேட்டிருந்தாள்.

அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்து அரம் உருகிப் பதில் எழுதினார். “ஒரு தடவை சொல்லுங்கள். காதில் விழவில்லையென்றால் மறுதடவை சொல்லாதீர்கள். நஷ்டம் அந்த மனுஷனுக்குத்தான், தங்கச்சி. உங்கள் பேச்சைக் கேட்க உலகத்தில் ஆள் இல்லாமல் இல்லை. இதோ, நான் இருக்கிறேன்.” எழுதிவிட்டு, ‘எப்படிப்பட்ட கல் நெஞ்சக்காரனிடம் மாட்டிக்கொண்டாளோ’ என்று பெருமூச்சு விட்டார். அதன் பிறகு மாதம் இரண்டு கடிதம் அவளுக்குப் போனது.

அந்தச் சமயம் பார்த்து அரத்தின் வீட்டிலும் பேச்சு குறைந்திருந்தது. மனைவி எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை. ‘ஒரு வழியாக வீட்டில் நிம்மதி’ என்று மனுஷர் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

நிம்மதி குலைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

“நேத்து எதிர்வீட்டுக்காரர் எழுதினதப் படிச்சீங்களா?” என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி.

“ம்.”

“நாலே வரி. உங்க இருபது பத்தியும் அப்படியே படுத்துடுச்சு. என்னா மனுஷன்! பேசினா அவர் மாதிரிப் பேசணும்.”

“ஆளுங்கட்சிக்கு ஜால்ரா அடிக்கிற ஆளு.”

“கட்சி கிடக்குது விடுங்க. எழுத்துல ஒரு பாசம் இருக்குல்ல? நல்லா இருக்குங்க, நெஜமாவே நல்லா இருக்கு.”

பதினோரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. வந்தது. ஆனால் பக்கத்து இலைக்கு வந்தது! அரம் தட்டைத் தள்ளி வைத்தார். ‘அது நான்தான்டி’ என்று கத்த வாய் துடித்தது. கத்தினால் என்ன ஆகும்? தன்னோடு தானே சண்டை போட்டு ஊரைக் கூட்டிய ஆசாமி என்று அவளே கைகொட்டிச் சிரிப்பாள். விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அரம் ஒரு கொலை செய்தார்.

“எதிர்வீட்டுக்காரர் நேற்று காலமானார். அவருடைய மகள் தெரிவித்த தகவல்.” இரண்டே வரி. பிறகு, என்றைக்காவது மனம் மாறி அவரை உயிர்ப்பித்துவிடுவோமோ என்று பயந்து, கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பத்து விரலாலும் விசைப்பலகையைக் குத்தினார். என்ன குத்தினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு நாளாக வந்து கிடந்த கடிதங்களைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஒரே பூட்டு. சாவி கடலில்.

அந்த இரண்டு வரிதான் பதினோரு வருடத்தில் அவர் எழுதியவற்றிலேயே அதிகம் படிக்கப்பட்டது. மத்தியானத்துக்குள் நானூறு இரங்கல். ‘இனி இந்தத் தளத்துக்கு எதற்காக வருவது?’ என்று ஒருவர் மனம் விட்டுக் கேட்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

“அவர் போயிட்டாராமே.”

“ஆமா. வயசாயிடுச்சு இல்ல.”

“உங்களுக்குக் கொஞ்சம்கூட வருத்தமா இல்லையா?”

பாவம், அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. காலையில் அந்தப் பக்க நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது வாஸ்தவம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரங்கல் கூட்டம். ஏற்பாடு செய்தவர் ஓர் அச்சகக்காரர், தளத்தின் நெடுநாள் வாசகர். அச்சகத்து மாடியில், மை வாசனைக்கு நடுவே அறுபது நாற்காலிகள். புகைப்படம் கிடைக்காததால் வெறும் சட்டத்துக்குள் ‘எதிர்வீட்டுக்காரர்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். மனைவியோடு வந்த அரத்தை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். செத்தவரின் எதிரி என்ற மரியாதைக்கு.

முதலில் எழுந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். “வாராவாரம் நம்ம கடைக்குத்தான் வருவார். முழங்கால் தைலம் வாங்குவார். ரெண்டாவது தடவையா அவர் நொண்டி நொண்டி வந்தப்பவே நான் கண்டுபிடிச்சிட்டேன், இவர்தான் அவர்னு. யார்கிட்டயும் சொல்லாதேப்பான்னு கையைப் பிடிச்சுக்கிட்டார்.”

அரம் வாயைப் பிளந்தார்.

அடுத்து அச்சகக்காரர். “எனக்கு இருபது வருஷப் பழக்கம். கடைசியாப் பார்த்தப்போ என்ன சொன்னார் தெரியுமா? ‘அந்த அரம் பயலுக்கு எழுத வராது, ஆனா நல்ல பையன். நான் பதில் போடலேன்னா மனசு ஒடிஞ்சிடுவான்’னார்.” கூட்டம் அரத்தை இரக்கத்தோடு பார்த்தது. பின்னால் ஒருவர், “எப்பேர்ப்பட்ட மனசு!” என்று மூக்கை உறிஞ்சினார்.

அரத்துக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து அத்தனை பேர் முகத்திரையையும் கிழித்துவிடலாமென்று நாற்காலிக் கையைப் பிடித்தார். அதற்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்து யாரோ எழுந்தார்கள். பார்த்தால், மனைவி.

“நான் அவரை நேர்ல பார்த்ததில்ல” என்றாள். “ஜன்னலோரம்ங்கிற பேருல அவருக்கு லெட்டர் போடுவேன். நான் பேசறதக் கேக்க வீட்டுல ஆளில்ல. அவர் கேட்டார். தங்கச்சின்னு கூப்பிட்டார். ரெண்டு வருஷமா எனக்குன்னு இருந்த ஒரே காது அது. அதுவும் போச்சு.” அதற்குமேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஐயோ, அந்தக் கல் நெஞ்சக்காரன்! எந்த மனுஷனை நினைத்துப் பெருமூச்சு விட்டாரோ, அந்த மனுஷனின் சட்டைக்குள் தானே உட்கார்ந்திருப்பதை அரம் அப்போதுதான் பார்த்தார். பிடித்திருந்த நாற்காலிக் கையை விட்டுவிட்டார். பேச அழைத்தபோது தலையை மட்டும் ஆட்டினார். துக்கம் தாங்கவில்லை என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் கூட்டமில்லை. இரண்டு நிறுத்தம் வரை அடக்கிப் பார்த்தார். மூன்றாவதில் சொல்லிவிட்டார்.

“அந்த எதிர்வீட்டுக்காரர்... அது நான்தான்.”

அவள் மெல்லத் திரும்பினாள். “என்னது?”

“நான்தான் எழுதினேன். எல்லாமே. அப்படி ஒரு ஆளே கிடையாது. உனக்கு வந்த லெட்டர்கூட நான் போட்டதுதான்.”

அவள் முகத்தில் வந்தது கோபமில்லை, அருவருப்பு. “செத்துப்போன மனுஷன்கிட்ட இருந்துகூட நல்ல பேரைப் பிடுங்கிக்கணுமா உங்களுக்கு? அங்க ரெண்டு பேர் அளந்தாங்களே, அது பத்தாதா? மூணாவது ஆளா நீங்களும் கிளம்பிட்டீங்களா?”

“சத்தியமா நான்தான்! வேணும்னா கணக்கைத் திறந்து...” என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு குத்திய பத்து விரலும் மடியில் கிடந்தன.

“சரி, நீங்கதான்னே வச்சுக்குவோம்” என்றாள் அவள். “அவர் போறதுக்கு முதல் நாள் நான் ஒரு லெட்டர் போட்டேன். அதுல என்ன எழுதியிருந்தேன்? சொல்லுங்க பார்ப்போம்.”

அமைச்சர் ஒன்பது வருடத்துக்கு முன் சொன்னது தேதியோடு தெரியும். இது தெரியவில்லை.

“தெரியாதுல்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு வாங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேருந்து ஒரு சிக்னலில் நின்றது. அரம் வாதாட வாயெடுத்தார், மூடினார். பிறகு, கல்யாணமான இந்தப் பதினாறு வருடத்தில் கேட்காத ஒன்றை, தன் சொந்தக் குரலிலேயே கேட்டார்.

“என்ன எழுதியிருந்த?”

“உங்களுக்கெதுக்கு?”

“சொல்லு. கேக்கறேன்.”

அவள் திரும்பவில்லை. அவரும் விடாமல் காத்திருந்தார். சிக்னல் விழுந்து, வண்டி கிளம்பி, பாலம் இல்லாத அந்த இடத்தையும் சுற்றிக்கொண்டு போன பிறகுதான் அவள் பேசினாள்.

“போன வாரம் அரசியலே இல்லாம ஒண்ணு எழுதினீங்கல்ல? லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட அம்மா ஒருத்தங்க, மெக்கானிக் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் உங்ககூடப் போன்ல பேசிக்கிட்டிருந்தாங்கன்னு.”

“அதை யாருமே படிக்கலையே. பத்தொம்போது பேரு.”

“நடுவுல பேசாதீங்க. அந்த லெட்டர்லதான் அவருக்கு முதல் தடவையா உண்மையைச் சொன்னேன். ‘அண்ணா, நீங்க தினம் சண்டை போடற அந்த அரம்தான் எங்க வீட்டுக்காரர். இந்த லிஃப்ட் விஷயத்தை எவ்வளவு நல்லா எழுதியிருக்கார் பாருங்க. படிச்சிட்டு அழுதுட்டேன். நான் சொன்னா தலைக்கு ஏறிடும். நீங்களா எழுதற மாதிரி நாலு வரி பாராட்டி எழுதிடுங்கண்ணா’ன்னு கேட்டிருந்தேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவர் இருந்திருந்தா கண்டிப்பா எழுதியிருப்பார்.”

“எழுதியிருப்பார்” என்றார் அரம். கண்ணீர் அவர் மூக்கு நுனிவரை வந்திருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான், எதிர்வீட்டுக்காரரின் சாவில் தன் கணவனுக்கும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்று அவள் நம்பினாள்.