பஸ்ஸுக்கு நான் எடுத்த பாடம்

எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் தேடுவது இரும்பை. நினைவு தெளிந்து எழும்போதெல்லாம் என் கையில் யார் வீட்டுச் சாவியாவது இருக்கும். ஒருமுறை பலசரக்குக் கடைப் பூட்டே இருந்தது. இத்தனைக்கும் ஊரில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். பொறி பறக்கும் என்று வெடிமருந்துப் பக்கம் ஓர் இரும்பு ஆணியைக்கூட விடமாட்டார்கள். என்னைக் கண்டால் மட்டும் அந்த விவரமெல்லாம் போய்விடும்.

பள்ளிக்கூடத்தை எப்படியோ ஒப்பேற்றினேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். வலிப்பு வந்த மறுநாள் படித்ததில் பாதி காணாமல் போயிருக்கும். சிவகாசியில் ஒரு சின்னக் கல்லூரியில் என்னைப் போன்றவர்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கினார்கள். காலண்டரும் லேபிளும் வடிவமைக்கிற படிப்பு. அங்கே ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு பாடம். காலை மாத்திரை தலையைக் கிறக்கும் என்பதால் எனக்குப் பதினொரு மணிக்குத்தான் வகுப்பு. மேடம் பாடத்தைப் பேசிப் பதிவு செய்து போனில் அனுப்புவார். "ஆளுக்கு ஆள் அளவெடுக்க அது காலேஜா, தையக்கடையா?" என்று சித்தப்பா கேலி செய்தார். செய்யட்டும், எனக்கு அந்த அளவு சரியாக இருந்தது.

சிக்கல் அம்மாதான். பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஏழாயிரம்பண்ணையிலிருந்து தினமும் என்னோடு பஸ் ஏறி, சாயங்காலம் வரை கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். வருகைப் பதிவு எடுத்திருந்தால் என்னைவிட அவளுக்குத்தான் அதிகம். தீபாவளி சீசன் நெருங்கியதும் கம்பெனியிலிருந்து அவளைத் திரும்பக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. அவள் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும். என்னைத் தனியாக அனுப்பவோ அவளுக்கு மனசில்லை. நான் தனியாகப் போக வேண்டும், இல்லையென்றால் படிப்பை நிறுத்த வேண்டும்.

மேடம் எனக்கென்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: நீ வருகிற பஸ்ஸுக்குப் பாடம் எடு. எனக்குக் கோபம்தான் வந்தது. நோயும் எனக்கு, வாத்தியார் வேலையும் எனக்கா? பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும். மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். எனக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், கை காலை அமுக்காதீர்கள், தண்ணீர் வேண்டாம், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், சாவி கூடவே கூடாது என்றேன்.

"சாவி குடுக்காம அது எப்படி நிக்கும்?" என்று கேட்டார் தினமும் கீரைக்கூடையோடு ஏறும் மதினி.

"அது தானா நிக்கும் மதினி. இம்புட்டு வருசம் சாவி சும்மா பேரு வாங்கிட்டு இருந்திருக்கு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்காமல் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் அம்மாவிடம் ஆபீஸ் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். "வழியில ஒரு தடவ வந்தாலும் அம்புட்டுத்தான். வீட்ல இருந்துக்கிடணும்."

அந்த வாரமே வந்தது. வெம்பக்கோட்டை தாண்டியது வரைதான் எனக்கு நினைவு. தெளிந்தபோது பின்சீட்டில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கடியில் மதினியின் சும்மாட்டுத் துணி, கையில் எதுவும் இல்லை. நன்றாகத்தான் பாடம் எடுத்திருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது. உடனே அம்மாவின் நிபந்தனை ஞாபகம் வந்தது.

"அம்மாட்ட சொல்லிட்டீகளா அண்ணே?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"சொல்லிட்டேன் தாயி. சீக்கிரமே நின்னுருச்சுன்னேன். எதுத்த பஸ்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பவான்னும் கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"'வகுப்புக்கு நேரமாயிருமே, காலேஜுலயே எறக்கி விட்டுருங்க'ன்னாக."

நான் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தேன். மதினி பயந்துபோய் மறுபடியும் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.