லேத் மிஷின் நிறத்தில் ஒரு சைக்கிள்

போன வாரம் என் பழைய மவுன்டன் பைக்கைப் படம் போட்டு, "தொண்ணூற்று மூன்றில் அப்பா புதிதாக வாங்கித் தந்தது, ஒரிஜினல் பெயின்ட், இந்த ஃபினிஷ் வேறு யாரிடமும் இல்லை" என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா?

இன்று அதைப் பாலிஷ் போட அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பெயின்டரிடம் கொண்டுபோனேன். சாம்பல் பச்சையில், சுத்தியலால் தட்டியது போலிருக்கும் சின்னக் குழிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இது சைக்கிள் பெயின்டே இல்ல. லேத் மிஷினுக்கு அடிக்கிறது. எஸ்டேட்ல பாதி மிஷின் இந்தக் கலர்லதான் கீது."

பெடலுக்குப் பக்கத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டினார். உள்ளே சிவப்பு.

"இதான் ஒரிஜினல். இந்தச் சிவப்பு எண்பத்தொன்பது, தொண்ணூறோட நின்னுபோச்சு."

பாலிஷ் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"குமாரை நீ 'செகண்ட் ஹாண்ட்'னு கூப்ட்டுகினு இருந்த. புதுசுன்னாதான் ஓட்டுவேன்னு அழுத. நான் இன்னா பண்றது? மிஷினுக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் இருந்துச்சு."

குமார் என் வகுப்புத் தோழன். அண்ணனின் பழைய சைக்கிளில் வந்ததற்காகப் பத்தாவது முழுக்க அவனை அப்படித்தான் கூப்பிட்டேன்.

போன வாரப் படத்துக்குக் கீழே முதல் கமென்ட் அவனுடையதுதான்: "சூப்பர் மச்சான், புதுசு மாதிரியே கீது."

குமாரு, இங்கே வந்து அந்தப் பெயரைச் சொல்லி என்னை ஒரு தடவை கூப்பிடு. மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் வரிசையில் வாருங்கள்.