சீழில் வந்த பால்ரொபி மணம்

தட்டுகளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணக்கக் கூடாது. எங்கள் ஆய்வுகூடச் சுவரில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கிருமிக்கு மூக்கு ஒரு திறந்த படலை, சரிதான். ஆனால் மூடியைத் தூக்கிய கணத்தில் மணம் தானாக எழுந்து வருகிறதே, அதற்கு எந்தத் தாளை எங்கே ஒட்டுவது? நான் மணப்பதில்லை. அதுதான் வந்து என்னை மணந்து பார்க்கிறது.

இந்த வேலையில் பாதி ஆயுள் போய்விட்டது. அருவருப்பு பழகிவிடும் என்று தொடக்கத்தில் சொன்னார்கள். பொய். பழகியது கை மட்டும். சளி நூலாக இழுபடும்போது கை நடுங்காது. தோட்டக்காரரின் கால் புண்ணைச் சுற்றிவந்த துணி, கடலுக்குப் போகிறவரின் முள்ளுக் குத்திய விரல், பிள்ளை பெற்றவளின் மார்புக் கட்டி, எல்லாவற்றிலும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமி வரும். மழையில் நனைந்து மூலையில் கிடந்த சப்பாத்தின் மணத்தோடு, தட்டில் மஞ்சள் பொட்டுகளாக, கொழுத்து, மினுங்கிக்கொண்டு. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் மீன்குழம்புக்கு முன்னால் அது வந்து குந்திவிடும். வீட்டில் மனைவி என்னைப் படலையடியிலேயே மறிப்பாள்: "முதல்லை கிணத்தடிக்குப் போங்கோ. பிறகு கதைப்பம்."

ஆனாலும் நாற்றத்தை மன்னிக்கலாம். நாற்றம் ஒளிப்பதில்லை. என்னை உண்மையாகவே குமட்டவைத்தது ஒரு நல்ல மணம்.

மின்வெட்டுக் காலம் அது. எங்கள் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து ஓர் ஊசிக்குழாய் நிறையச் சீழ் வந்தது. ஒருவரின் ஈரலில் கட்டி. விலாவுக்கு உள்ளால் ஊசி விட்டு இழுத்திருக்கிறார்கள். மண்ணிறமும் மஞ்சளுமாக, நேற்றைய பருப்பு புளித்துத் திரைந்ததுபோல, குழாயின் சுவரில் வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அது உள்ளே இருந்த உடம்பின் சூடு இன்னும் ஆறவில்லை. கையுறையைத் தாண்டி அந்தச் சூடு விரலில் பட்டபோது கையை உதறவேண்டும்போல இருந்தது.

இந்தக் குடாநாட்டில் ஓர் ஆணின் ஈரலில் சீழ் கட்டினால் முதலில் கேட்பது, கள்ளுக் குடிக்கிறனீரோ என்றுதான். கள்ளோடு உள்ளே போகிற அழுக்கில் அமீபா போய் ஈரலைத் தின்னும். பெரும்பாலும் அதுவே உண்மையாகவும் இருக்கும். ஆகவே வாட்டில் அமீபாவுக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். சீழ் எங்களிடம் வந்தது வெறும் முறைக்காக. தொலைபேசியில் அந்த வாட்டின் இளம் டொக்டர் சிரித்தார்: "ஆள் குடிக்கிறேல்லையாம். மெதடிஸ்ட் ஆக்களாம், கோயில் பாட்டுக்குழுவாம். எல்லாரும் முதல்லை உப்பிடித்தான். ஏதும் வளர்ந்தால் சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் எங்கள் கம்பிவலை யன்னலில் ஒரு பெண் வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய வயது, கசங்காத சேலை, கையில் மடித்த குடை.

"தம்பி, என்ரை அவரின்ரை சீழ் இஞ்சைதானே வந்தது?"

"ஈரல் கட்டிக்காரரோ? ஓம் அம்மா. இனித்தான் பாக்கப் போறம்."

"பாத்தால் என்ன தெரியும்?"

"என்ன கிருமி எண்டு தெரியும்."

அவர் திரும்பி, வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு வாயைக் கம்பிவலைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"கள்ளுத் தெரியுமோ?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கண் அசையவில்லை.

"அவர் கள்ளுத் தவறணை வாசலாலை கூடப் போறேல்லை, தம்பி. சுத்துப்பாதையாலைதான் போவார். கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் அதைத்தான் நம்பிக்கொண்டு வாறன். இப்ப வாட்டிலை எல்லாரும் சிரிக்கினம். பக்கத்துக் கட்டிலிலை தென்மராட்சிக் கமக்காரன் ஒருத்தன், அவனுக்கும் உதே வருத்தம். அவன் இவரைப் பாத்துச் சொல்லுறான், 'மாஸ்ரர், நான் குடிச்சனான் எண்டு ஒத்துக்கொண்டனான், காய்ச்சல் விட்டிட்டுது. நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கோ, மருந்து கேக்கும்' எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இவருக்குக் காய்ச்சல் விடேல்லை" என்றார்.

"எங்கடை தட்டிலை கள்ளு வளராது அம்மா. கிருமிதான் வளரும்."

"அது கள்ளுக் கிருமியோ, இல்லையோ எண்டு சொல்லுவியள்தானே? அது போதும்."

போய்விட்டார். மேசையில் அந்தக் குழாய். ஒரு மனிதனின் உயிர் அதற்குள் கிடந்தது என்பது எனக்குப் பழகிய சங்கதி. தினமும் ஏதோ ஒரு குழாய்க்குள் யாரோ ஒருவரின் உயிர் கிடக்கும். இதற்குள் ஒரு கலியாணமும் கிடந்தது. அதுவும் அதே சீழில் ஊறிக்கொண்டு.

ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சுட்டு, ஊதாச் சாயம் ஊற்றினேன். பிறகு அயடீன், பிறகு மதுசாரம். மதுசாரத்தில் சில கிருமிகள் சாயத்தை விட்டுவிடும், சில விடாது. தடித்த சுவர்க்காரர், எவ்வளவு கழுவினாலும் ஊதா ஊதாதான். கிராம் நேர் என்பது அவர்களைத்தான். உருப்பெருக்கியில் செத்த சீழ்க் கலங்கள் கிழிந்த துணிகளாகக் கிடந்தன. அவற்றுக்கிடையில் அங்கொன்று இங்கொன்றாக ஊதாப் புள்ளிகள். கிருமியா, பழைய சாயத்தின் மண்டியா? சத்தியம் பண்ண முடியவில்லை. எதற்கும் இரத்தம் கலந்த அகார்த் தட்டுகளில் சீழைக் கீறி வளரவிட்டேன்.

இந்தச் சாதிக் கிருமிகளில் சில சாதாரணக் காற்றில் முகம் கொடுக்காது. கொஞ்சம் காபனீரொட்சைட்டு வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கென்று பெட்டி இருக்கலாம். எங்களிடம் இருப்பது ஓர் அகன்ற கண்ணாடிச் சாடி. உள்ளே தட்டுகளை அடுக்கி, மேலே ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து மூடிவிடுவோம். சுடர் தனக்கான காற்றைத் தின்று, சுருங்கி, தானே அணைந்துபோகும். அது செத்த காற்றில் இவை வளரும். சாடியை மூடும் வேலை என் கூட வேலை செய்கிற, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பெண்ணுடையது. பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வாயும் கையும் ஒரே வேகம்.

அடுத்த நாள் தட்டுகளில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் சாடியின் மூடியைத் திருகினேன்.

பால்ரொபி.

சீனியும் பாலும் அடிப்பிடிக்கும் தறுவாயில், நெய் பூசிய தட்டில் கொட்டுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த மணம். சீழும் ஆட்டு இரத்தமும் கிடக்கிற சாடிக்குள்ளிருந்து! நாற்றத்துக்கு ஆயத்தமாக இறுக்கி வைத்திருந்த தொண்டை இனிப்புக்கு ஏமாந்து திறந்துகொண்டது. வாயில் எச்சில் ஊறியது. அதுதான் தாங்கமுடியாதது. ஒரு மனிதனின் அழுகிய ஈரலுக்கு என் நாக்கு ஊறுகிறது. தொட்டியடிக்கு ஓடிப்போய் எச்சிலைத் துப்பினேன். திரும்பத் திரும்ப ஊறியது.

தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்தாள். "ஐயோ அண்ணை, அது என்ரை மெழுகுதிரி! ரவுணிலை ஒரு கடையிலையும் மெழுகுதிரி இல்லை, கறன்ற் போறபடியால் சனம் எல்லாத்தையும் அள்ளிப்போட்டுது. அக்கா கனடாவிலையிருந்து கொண்டுவந்தது வீட்டிலை கிடந்தது. வனிலாவோ கரமலோ, என்னவோ."

சாடிக்குள் பார்த்தேன். தட்டுகளுக்கு மேலே, பூப்படம் ஒட்டிய ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை, பாதி உருகிய மண்ணிற மெழுகோடு.

தட்டில் ஏதோ இருக்கவும் செய்தது. ஊசிமுனை அளவு, தூசியா கிருமியா என்று சொல்ல முடியாத புள்ளிகள். எங்கள் நுண்ணுயிரியல் டொக்டர் வந்து குனிந்து பார்த்தார். பிறகு குவளையைத் தூக்கிப் பார்த்தார்.

"உது என்ன? இது லாப்போ, பேர்த்டே வீடோ?"

தங்கச்சியின் சிரிப்பு நின்றது.

"உந்த மணத்தோடை ஒரு ஸ்ட்ரெப்டொகொக்கஸ் இருக்குது, பிள்ளை. மெல்லமாய் வளரும், இத்தனூண்டாய் இருக்கும், சீழ்க் கட்டியளுக்குள்ளை குடியிருக்கும். உங்கடை மெழுகுதிரிக்கும் அதே மணம். இப்ப நான் எதை நம்புறது? மெழுகுப் புகையிலை ஒழுங்காய் வளர்ந்திருக்குமோ எண்டும் தெரியாது." என்னிடம் திரும்பினார். "மிச்சச் சீழ் இருக்குதெல்லோ? வெள்ளை மெழுகுதிரி தேடிப் பிடிச்சுத் திரும்பப் போடுங்கோ. வாட்டுக்கு நான் கதைக்கிறன். ஆனால் தெரியாத ஒண்டை நான் சொல்லமாட்டன்."

வெள்ளை மெழுகுதிரி! ரவுண் முழுக்க அலைந்தேன். கடைக்காரர்கள் சிம்னி விளக்கைக் காட்டினார்கள். கடைசியில் தெருமுனை மாதா சொரூபத்தடியில், கண்ணாடிக் கூட்டுக்குள் அணைந்துகிடந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் விசயத்தைச் சொல்லிக் கேட்டேன். "கிருமிக்கோ?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் நல்லதாக ஒன்றைப் பொறுக்கித் தந்தார்.

"மெதடிஸ்ட் மாஸ்ரற்றை கிருமிக்கு மாதான்ரை மெழுகுதிரி" என்றாள் தங்கச்சி, சாடியை மூடிக்கொண்டே. பயத்தில் வந்த பகிடி அது. நாங்கள் தவறவிட்ட நேரம் முழுவதும் அந்த மனிதர் மேலே வாட்டில் காய்ச்சலில் எரிந்துகொண்டிருந்தார்.

காத்திருந்த நாட்களில் அவர் மனைவி பின்னேரங்களில் யன்னலுக்கு வந்தார். சேலை இப்போது கசங்கியிருந்தது.

"நினைவு தப்பித் தப்பி வருகுது, தம்பி. கொழும்புக்கு அனுப்பவேண்டி வருமாம்." கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேட்டிட்டன்" என்றார்.

"என்னத்தை அம்மா?"

"காய்ச்சலோடை கிடந்த மனுசனை எழுப்பி, குடிச்சனீங்களோ எண்டு கேட்டிட்டன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்."

கம்பிவலையைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்கள் வெளுத்திருந்தன. திரும்பிப் படுத்தது நொந்ததாலா, நாணியதாலா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. தட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. சீழையும் சளியையும் கிண்டுகிறவனிடம் இதையெல்லாம் கொண்டுவந்து ஏன் கொட்டுகிறார்கள்?

மறுபடி சாடியைத் திறந்த காலையில் டொக்டரும் பக்கத்தில் நின்றார். முதலில் அணைந்த திரியின் புகை, வெறும் மெழுகு. வனிலா இல்லை. மனம் விழுந்துபோயிற்று. தட்டின் மூடியைத் தூக்கினேன்.

பால்ரொபி. முந்தியதைவிடத் தடிப்பாக, மெழுகுக்கும் கனடாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல், அந்த ஊசிமுனைப் புள்ளிகளிலிருந்து நேராக.

டொக்டர் பெரொக்சைட் போத்தலை என் பக்கம் தள்ளினார். இரத்தம் ஒட்டாதபடி பார்த்து, ஒரு புள்ளியை மட்டும் கிள்ளி ஒரு பெரொக்சைட் துளிக்குள் வைத்தேன். இரத்தம் ஒரு இழை வந்தாலும் துளி பொங்கிவிடும், பொய் சொல்லும். ஸ்டபிலோகொக்கஸ் என்றாலும் நுரைக்கும். இது நுரைக்கவில்லை. துளி கண்ணீர்போலச் சும்மா கிடந்தது. சாயம் பூசிப் பார்த்தால் ஊதா மணிகள், சின்னச் சின்னக் கோவைகளாக. ஸ்ட்ரெப்டொகொக்கஸ். அமீபா மருந்து இதைச் சீண்டாது. டொக்டர் தொலைபேசியை எடுத்தார். அன்றைக்கே மருந்து மாறியது. மற்றச் சோதனைகளும் பிறகு அதையே சொல்லின.

"உது அனேகமாய் வாயிலையிருந்துதான் வாறது. பல்லைப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார்.

பார்த்திருக்கிறார்கள். கீழ்த்தாடையில் பல் முரசுக்குள் புதைந்த சொத்தை வேர்கள். அமத்த அமத்தச் சீழ் வந்ததாம். வாட்டு டொக்டர் அதை விபரித்தபோது நான் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். வருடக்கணக்காக அந்த வாய் முன்வரிசையில் நின்று பாடியிருக்கிறது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் சீழ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது.

யன்னலில் அவர் மனைவிக்குச் சொன்னேன். "மருந்து மாத்தியாச்சு அம்மா. கிருமி பல்லிலையிருந்து வந்திருக்குது."

"அப்ப கள்ளில்லை!"

வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் சொல்லியிருக்கவேண்டியது வேறு. இந்தக் கிருமிக்குக் கள்ளைப் பற்றி ஒன்றும் தெரியாது. குடிக்கிறவனுக்கும் பல் சொத்தைதான், குடிக்காதவனுக்கும் பல் சொத்தைதான். தொண்டையால் என்ன இறங்கியது என்று ஈரல் எங்களுக்கு எழுதித் தருவதில்லை. வாயைத் திறந்தேன். குடையை ஆட்டிக்கொண்டு அவர் வாட்டுப் படியில் பாதி ஏறிவிட்டார். அந்தத் தென்மராட்சிக்காரனிடம்தான் முதலில் போயிருப்பார்.

வீட்டுக்குப் போகிற நாளில் இருவருமாக வந்தார்கள். மாஸ்ரர் சட்டைக்குள் சுருங்கிப்போயிருந்தார். பல் பிடுங்கிய வாய் உள்நோக்கி மடிந்திருந்தது. மனைவி யன்னல் திறப்பால் ஒரு தகரப் பேணியை உள்ளே நீட்டி மூடியைக் கழற்றினார்.

"நானே கிண்டினது, தம்பி. சூடு ஆறமுந்திக் கொண்டுவந்தனான்."

சாய்சதுரமாக வெட்டி அடுக்கிய பால்ரொபி. தங்கச்சி முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. "அண்ணைக்கு இனிப்பெண்டால் உயிர்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

"வையுங்கோ அம்மா, பிறகு சாப்பிடுறன். எனக்குக் கொஞ்சம் சீனி வருத்தமும்..."

அவர் முகம் மாறிவிட்டது. பேணியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஏன் தம்பி? சோதனை ஏதும் மாறி வந்திட்டுதோ?"

மாஸ்ரரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் ஒன்றையும் வாசிக்கவில்லை, வாசிக்க விரும்பவுமில்லை. ஒரு துண்டை எடுத்தேன். மூக்குக்குக் கிட்ட வரும்போதே சாடியின் மூடி திறந்தது, தட்டு திறந்தது, ஊசிக்குழாய்ச் சுவரில் அந்தப் பழுப்பு வழுக்கி இறங்கியது. வாயில் போட்டேன். சீனி பல்லில் நொறுங்கிக் கரைந்து நாக்கின் அடியில் தேங்கியது. எச்சில் ஊறியது, வெட்கமில்லாமல். வயிறு மேலே வந்தது. அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பி, விழுங்கினேன்.

"நல்லாய் இருக்குதோ?"

"நல்லாய் இருக்குது அம்மா."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கத் தெளிந்திருந்தது. பேணியை இன்னும் உள்ளே தள்ளினார்.

"அப்ப இன்னொண்டு எடுங்கோ."

எடுத்தேன்.